எலித் தீனி தீர்ந்துபோன சனிக்கிழமை

1930களில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பி.எஃப். ஸ்கின்னர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிறு லீவர். எலி அதை அழுத்தினால் ஓர் உருண்டைத் தீனி விழும்.

அந்த உருண்டைகளை, மாத்திரை செய்யும் கருவியை வைத்து அவரே உருட்ட வேண்டும். எட்டு எலிகள், ஒவ்வொன்றும் நாளுக்கு நூறு உருண்டை தின்றன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைக் கணக்குப் பார்த்தார். இரவு வரை உட்கார்ந்து உருட்டாவிட்டால் திங்கள் காலை பத்தரை மணிக்குத் தீர்ந்துவிடும்! சலித்துப்போனவர், நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் தீனி கொடுத்துப் பார்த்தார். எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இந்தக் கதையை 1956இல் அவரே எழுதியிருக்கிறார்.

சிக்கனத்துக்காகச் செய்தது பெரிய கண்டுபிடிப்பாயிற்று. ஒவ்வொரு முறையும் தீனி பெற்ற பிராணி, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடுகிறது. எப்போதாவது பெற்ற பிராணியோ நெடுநேரம் விடுவதில்லை. எத்தனையாவது முறை கிடைக்கும் என்றே தெரியாதபோதுதான் வேகம் மிக அதிகம். சூதாட்ட இயந்திரமும் இப்படித்தான் ஆளைப் பிடித்துவைக்கிறது என்று ஸ்கின்னர் 1953இலேயே எழுதினார். 1957இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் அவரும் சேர்ந்து, புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளைப் பெரிய நூலாக வெளியிட்டார்கள்.

சரி, இரண்டு வழி இருந்தால் பிராணி எதைத் தேர்ந்தெடுக்கும்? அதே ஹார்வர்டில் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன் 1961இல் இதற்கு விடை சொன்னார். புறாவின் முன் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் தானியம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கிடைக்கும் தானியத்தில் முக்கால் பங்கு ஒரு பொத்தானில் வந்தால், புறா தன் கொத்தலிலும் ஏறக்குறைய முக்கால் பங்கை அதற்கே கொடுத்தது. கால் பங்கு தரும் பொத்தானையும் அடியோடு கைவிடவில்லை. இதைப் 'பொருத்த விதி' என்கிறார்கள்.

சூதில் சொத்தை இழந்தவனைப் பார்த்து, "புத்தி கெட்டவன்" என்று சொல்லிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். ஸ்கின்னரின் எலிகளுக்குப் புத்தி மாறவில்லை. தீனி விழும் முறைதான் மாறியது. இயந்திரம் எப்போது தர வேண்டும் என்று தீர்மானித்து வைத்தவனையும் நாம் நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?