கூவாகத்துக்கு இரண்டு வண்டிகள்

சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் படம் ஒன்றை என் பேத்தி அனுப்பியிருந்தாள். ஜூன் மாதம் அங்கே நடக்கும் 'பிரைட்' பேரணியின் முன்வரிசையில் நூற்றுக்கணக்கான பெண்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். "தாத்தா, நீங்களும் பைக்கில் திருவிழாவுக்குப் போன ஆள்தானே" என்று கீழே ஒரு வரி. போன ஆள்தான். அதைச் சொல்லுமுன் இந்தப் பெண்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1976 ஜூனில் நடந்த பேரணிக்கு இருபது இருபத்தைந்து பெண்கள் தங்கள் வண்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களை வரிசையின் முன்னால் விட்டதற்குக் காரணம் எளிது. நடக்கிறவர்களின் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. முதல் கியரில், பாதி கிளட்சில் ஊர்ந்தால் எஞ்சின் கொதிக்கும், வண்டி சாயும், பக்கத்தில் நடப்பவர் காலில் ஏறும். வண்டிகள் முன்னால் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது. அந்த ஏற்பாடே பிறகு மரபாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் அப்படித்தான்.

தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'டைக்ஸ் ஆன் பைக்ஸ்'. முதல் சொல், பெண்ணை விரும்பும் பெண்களை ஏச அமெரிக்கத் தெருக்களில் பயன்பட்ட வசவு. பின்னாளில் இந்தப் பெயரைப் பதிவு செய்யப் போனபோது, இது உங்கள் இனத்தையே இழிவு செய்கிறது என்று வர்த்தக முத்திரை அலுவலகம் மறுத்தது. எங்களைத் திட்டிய சொல்லை நாங்களே எடுத்துக்கொண்டோம், இப்போது அது எங்களுடையது என்று வாதாடிப் பதிவு வாங்கினார்கள். கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு, அந்த அலுவலகக் குறிப்பை எழுதிய குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்க ஆசை.

தமிழ்நாட்டில் இது வேறு வழியில் நடந்தது. பழைய சொற்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு சொல்லைக் கொண்டுவந்தோம். 'திருநங்கை' என்பது கலைஞர் ஆட்சியில் அரசாங்கத் தாளில் ஏறியது. 2008 ஏப்ரல் 15ல் நல வாரியம் அமைந்தது. 1977ல் நாங்கள் கூவாகம் போனபோது ஊரில் வழங்கிய சொற்களை இங்கே எழுதக் கை வரவில்லை.

எங்கள் பூர்வீகம் குளத்தூர்தான் என்றாலும், அப்பா பிழைப்புக்குப் போன இடம் புதுச்சேரி. நான் பிரெஞ்சு வழியில் படித்ததும், எல்.டி. கிளார்க்காக வேலையில் சேர்ந்ததும் அங்கேதான். எமர்ஜென்சி முடிந்து வந்த சித்திரை அது. நாலு பேர், இரண்டு வண்டிகள்: கடன் வாங்கிய ஒரு புல்லட், என்னுடைய ராஜ்தூத். விழுப்புரம் தாண்டித் திருச்சி சாலையில் போய், அதிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். திரும்பியதும் கூட்டம். மாட்டு வண்டி, டிராக்டர், தலையில் மூட்டையோடு குடும்பம் குடும்பமாக ஜனம். ராஜ்தூத் புகைந்தது. இறங்கி உருட்டினோம்.

டீக்கடை வாசலில் பட்டுப்புடவை கட்டிய ஒரு மூத்த திருநங்கை சிரித்தார். "கூத்தாண்டவருகிட்ட எல்லாரும் நடந்துதான் போவணும் தம்பி. உங்க வண்டிக்கே தெரிஞ்சிருக்கு."

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாக ஒப்புக்கொண்டவன். இந்தப் பலி ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரதத்திலேயே இருக்கிறது. சாகுமுன் கல்யாணம் வேண்டும் என்று அவன் கேட்க, மறுநாள் விதவையாக எந்தப் பெண்ணும் முன்வராததால் கண்ணனே மோகினியாகி மணந்தான் என்பது மக்கள் சொல்லும் கதை. சித்திரை விழா பதினெட்டு நாள். பௌர்ணமியையொட்டிய இரவில் பூசாரி கையால் தாலி ஏறும். விடிய விடியக் கும்மி. காலையில் அரவான் தேர் பந்தலடிக்குப் போனதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, குளித்து வெள்ளைப் புடவை.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தாலி கட்டிக்கொள்வது திருநங்கைகள் மட்டும் அல்ல. சுற்றுப்பட்டு ஊர்களின் ஆண்களும், கல்யாணமாகிப் பிள்ளை குட்டி உள்ளவர்களும், வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்வார்கள். அது அந்த மண்ணில் யாரும் புருவம் உயர்த்தாத சங்கதி.

எங்கள் நாலு பேரில் ஒருவன் அந்த இரவு வரிசையில் போய் நின்றான். மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்து, "வேண்டுதல்" என்றான். அவனுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாங்கள் கேட்கவில்லை. காலையில் பந்தலடியில் கயிறு அறுபட்டபோது அவன் அழுதது வேண்டுதலுக்காக அழுகிறவன் அழுகை அல்ல. திரும்பும்போது என் பின்சீட்டில்தான் உட்கார்ந்தான். விழுப்புரம் வரும்வரை பேச்சில்லை. வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் வெள்ளைப் புடவையோடு மூன்று பேர் நின்றிருந்தார்கள். முந்தின இரவு ஊரே மணப்பெண் என்று கொண்டாடியவர்கள். பஸ் நிற்காமல் போயிற்று. "பாத்தியா" என்றான், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ச் சட்டத்தில் ஒரு வினோதம் இருந்தது. பெரியவர்களான இரண்டு ஆண்கள் மனமொத்துச் சேர்ந்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1791லேயே எடுத்துவிட்டார்கள். புதுச்சேரியில் இருந்ததும் பிரெஞ்சு தண்டனைச் சட்டமே. ஆங்கிலேயரின் 1860ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமும் அதன் 377ம் பிரிவும் எங்களுக்கு வந்தது 1963 அக்டோபர் 1ல், சுதந்திர இந்தியாவின் கையால். நானும் அவனும் அரைக்கால் சட்டைப் பையன்கள். எல்லைச் சாவடியைத் தாண்டிப் போகாமலே, ஒரே இரவில் அவன் குற்றவாளி ஆகக்கூடியவன் ஆகிவிட்டான்.

அவன் குடும்பம் பிரெஞ்சு குடியுரிமை எடுத்திருந்தது. 1979ல் பாரிசுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். சில ஆண்டுகள் கழித்து வந்த கடிதத்தில், நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் ஊர்வலத்துக்குப் போனதை எழுதியிருந்தான். பின்சீட்டில் இல்லை, ஓட்டியது நான்தான் என்று அடிக்கோடு போட்டு. இதை எழுத அனுமதி கொடுத்தவனும் அவனே. பெயர் மட்டும் வேண்டாமாம்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊர்வலத்தை 'ஃபியெர்தே' என்கிறார்கள், பெருமிதம். சென்னையில் வானவில் பேரணி என்றும் சுயமரியாதைப் பேரணி என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. அது பெரியார் புழங்கிய சொல். இந்தியாவின் முதல் நடை 1999 ஜூலை 2ல் கொல்கத்தாவில், பதினைந்து பேர் அளவில். சென்னையில் 2009 ஜூன் 28, மெரினா. நாலே நாளில் டெல்லி உயர்நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது. 2013ல் உச்சநீதிமன்றம் அதைத் திரும்ப இறுக்கி, 2018 செப்டம்பர் 6ல் விடுவித்தது. அன்று பாரிசிலிருந்து போன் வந்தது. "ஐம்பத்தைந்து வருஷம்டா" என்றான். 1963லிருந்து கணக்குப் போட்டிருக்கிறான்.

ஓய்வுக்குப் பிறகு நான் குளத்தூருக்கே வந்துவிட்டேன். கரிசல் காடு, கம்பும் உளுந்தும் மழையை நம்பி. கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, கறவை மாட்டுக்குக் கடனும் கொடுத்து, 2020ல் அவர்களுக்கென்றே பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள். முப்பது உறுப்பினர்கள். இதற்காக அலைந்தவர்களில் கிரேஸ் பானு ஒருவர். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கச் சேர்ந்த முதல் திருநங்கை. சித்திரையில் கோவில்பட்டி ஸ்டேஷனில் கூவாகம் போகிறவர்களைப் பார்க்கிறேன். இப்போது விழுப்புரத்திலிருந்து சிறப்புப் பேருந்தே விடுகிறார்கள். நின்று ஏற்றிக்கொண்டு போகிறது.

பாரிஸ்காரனிடம் மந்தித்தோப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "லிட்டருக்கு என்னடா குடுக்கிறான்?" என்று கேட்டான்.