புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து குடியேறிய நம் குடும்பங்களோடு மூட்டைமுடிச்சுகளாய் உடன்வந்த பழக்கங்கள் பல. அவற்றுட் சில ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோயின. கரையாது நின்றவற்றுள் ஒன்று புழுங்கலரிசி. வடபுல நகரங்களில் கடைக்காரர் 'சாவல்' என்று அளந்து போடுவது பெரும்பாலும் பச்சரிசியே. ஊருக்குச் சென்று மீளும்போது இட்லிக்கென்று ஒரு பை புழுங்கலரிசி சுமந்துவராத குடும்பம் முன்னாளில் அரிது. வங்கத்திலும் ஒடிசாவிலும் குடியேறியோர்க்கு இத்தொல்லை இல்லை. அந்நாட்டு மக்களும் நம்மைப் போலவே புழுங்கல் உண்போர். நாவின் பழக்கம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் இதன் பின்னே ஒரு மருத்துவ வரலாறு உண்டு. நமக்கு முன்னே கடல் கடந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர் அவ்வரலாற்றில் தாமறியாமலே சாட்சிகளாய் நின்றனர்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, அதன்பின் உமி நீக்குவதே புழுக்கல் முறை. அவிக்கும்போது மணியினுள்ளிருக்கும் மாப்பொருள் இளகி, உலரும்போது இறுகி ஒன்றுபடுகிறது. அரிசியின் மேற்றோலிலும் முளையிலும் செறிந்திருக்கும் தயமின் முதலிய நீரிற் கரையும் உயிர்ச்சத்துகள், ஊறும்போதும் அவியும்போதும் மணியின் உட்புறம் நோக்கிச் செல்கின்றன. பின்னர் எந்திரம் தவிட்டைச் சுரண்டி எடுத்தாலும், உள்ளே புகுந்துவிட்ட பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. பச்சை நெல்லைத் தீட்டும்போதோ, தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது.

நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று பெருமை பேசும் கட்டுரைகளை அவ்வப்போது காண்கிறோம். அவ்வாறு சொல்லச் சான்றில்லை; சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் கண்ட பயன்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. அவித்த நெல்லின் உமி எளிதில் கழலும். மணி இறுகியிருப்பதால் குத்தும்போது நொய்யும் குருணையும் குறையும். அரிசியைப் பூச்சி எளிதில் துளைக்காது. சோறு குழையாது, மறுநாட் பழையதற்கும் தாங்கும். ஒரு மூட்டை நெல்லுக்கு முழு அரிசி கூடுதலாகக் கிடைப்பது ஏழைக் குடும்பத்துக்கும் நெல் வணிகருக்கும் ஒருங்கே ஆதாயம். விறகும் வெயிலும் ஆள்வேலையும் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும் கணக்கு ஆதாயத்திலேயே முடிந்தது. பொருளாதாரக் காரணத்துக்காக நிலைபெற்ற ஒரு முறை, எவரும் எண்ணாமலே உடலுக்கும் காவலாயிற்று.

இத்துணை நன்மை உடையதாயினும், சமுதாயத்தில் புழுங்கலுக்கு உயர்ந்த இடம் கிடைத்ததில்லை. ஒருமுறை அவிந்துவிட்டமையால் அது படையலுக்கு ஆகாது என்றாயிற்று. மடைப்பள்ளிக்கும் பொங்கற் பானைக்கும் பச்சரிசி. வயலில் இறங்கி உழைப்பவன் கலயத்துக்குப் புழுங்கல். இந்த ஏற்றத்தாழ்வுக்கும் சத்துக்கும் தொடர்பேதும் இல்லை என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது.

அந்நாளில் கிழக்காசியாவை உலுக்கிய நோய் பெரிபெரி. கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலர்க்கு உடல் வீங்கும். இதயம் தளர்ந்து சாவு நேரும். படைமுகாம், சிறைச்சாலை, சுரங்கம், கப்பல் என்று பலர் ஒருங்கே உண்டு வாழும் இடங்களிலெல்லாம் அது தோன்றியமையால், ஒட்டுநோய் என்றே மருத்துவர் பலர் கருதினர். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாவகத்தின் பட்டாவியா நகரில், டச்சு மருத்துவர் ஐக்மான், தாம் வளர்த்த கோழிகள் இந்நோய் போன்றதொரு நோயால் தள்ளாடக் கண்டார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறு அவற்றுக்கு இரையாக இடப்பட்டு வந்தது. புதிதாய் வந்த சமையற்காரர், படைவீரர்க்குரிய அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி உண்ணத் தொடங்கிய கோழிகள் தேறிவிட்டன! அறிவியலுக்கு அந்தச் சமையற்காரரின் கறார்த்தனம் செய்த உதவி சிறிதன்று. பின்னர் வோர்டர்மான் என்பார் சாவகத்துச் சிறைச்சாலைகள் ஏறத்தாழ நூற்றை ஆராய்ந்து, வெள்ளரிசி உண்ட சிறைகளில்தான் இந்நோய் மிகுதி என 1897-இல் காட்டினார்.

இவ்விடத்தில்தான் நம்மவர் வருகின்றனர். அதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரும், தோட்டங்களிலும் சாலைப் பணியிலும் தமிழ்த் தொழிலாளரும் உழைத்தனர். தட்பவெப்பமும் மழையும் இருவர்க்கும் ஒன்றே. ஆயினும் பெரிபெரி சீனரைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது. தமிழரிடையே அரிதாகவே கண்டது. நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராயிருந்த பிராடன், சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி என்பதையும், தமிழர் உண்டது புழுங்கல் என்பதையும் கண்டு, வேறுபாடு சோற்றிலே இருக்கிறது என்று 1907-இல் ஒரு பெருநூலில் வாதிட்டார். பச்சரிசியில் பூஞ்சை வளர்ந்து நஞ்சு உண்டாகிறது என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் பிழை, கண்டது மெய். மருத்துவ வரலாற்றில் இது புதுமையன்று.

தமிழர்க்குப் பெரிபெரி வரவில்லை என்பதால் அவர்கள் நலமாய் வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. மலாயாத் தோட்டங்களில் மலைக்காய்ச்சலும் வயிற்றுநோயும் நம்மவரை ஏராளமாய்க் கொன்றன. ஒரு சாவு மட்டும் அவர்களை அணுகாது விலகிநின்றது. அதற்கும் காரணம், அரிசியை மாற்ற அவர்கள் விரும்பாமைதான்.

ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்தல் வேண்டுமன்றோ? கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர் 1905 டிசம்பரில் உள்ளிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் தந்தார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்று 18 பேர் மாண்டனர். புழுங்கற் பிரிவில் நோயோடு காணப்பட்டோர் இருவரே. அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இசையாத சோதனை இது; தம்மைப் பற்றித் தாமே பேச இயலாதவர் மீது நடந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1907-இல் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், சாலை அமைக்கும் சாவகத் தொழிலாளர் 300 பேரிடம் இதனையே செய்து, பிரிவுகளின் அரிசியை மாற்றியபோது நோயும் அரிசியின் பின்னே சென்றதைக் கண்டனர். நோய் தீர்க்கும் பொருள் தீட்டுகையில் கழியும் தவிட்டில் உள்ளது என்பதையும் அவர்கள் நிறுவினர். 1912-இல் ஃபுங்க் 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார். 1926-இல் அப்பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1936-இல் ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்திய மண்ணில் இவ்வாராய்ச்சி நம் நீலகிரியிலேயே வேரூன்றியது. 1918-இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு ஒற்றை அறையில் பிறந்தது எனினும், அதுவே வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என நிற்கிறது. அந்நாளைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதும் காணப்பட்டது வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோரத்தில். ஆங்கே மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டனர். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களிலும் ஆலைகள் பெருகின. ஆயினும் நோய் பெருகவில்லை. மக்காரிசனுக்குப் பின் வந்த ஐக்ராய்டும் அவர் துணைவரும் 1940-இல் வெளியிட்ட அரிசி பற்றிய ஆய்வுரை இவ்வேற்றுமையை விளக்கிற்று.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அந்நிறுவனம் 1971-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம். நாள்தோறும் 400 கிராம் அரிசி உண்பவர்க்குப் பச்சரிசியில் 0.24-உம் புழுங்கலில் 0.84-உம் கிடைக்கும். தேவையோ ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். காய்கறியும் பருப்பும் போதிய அளவில் உண்பார்க்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. சோறும் உப்பும் மிளகாயுமே உணவாய்க் கொண்டார்க்கு இதுவே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் இந்தச் சிறிதளவும் குறையும். புழுங்கல் கழுவுநீருக்கு அவ்வளவு எளிதில் இழப்பதில்லை. வடித்த கஞ்சியை உப்பிட்டுப் பருகிய பாட்டிமாரைப் பார்த்து நகைத்த தலைமுறை நம்முடையது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

புழுங்கலை எல்லா நோய்க்கும் மருந்தாக்கிவிடவும் வேண்டா. அதே அட்டவணையில் 100 கிராம் புழுங்கலரிசியில் சுண்ணச்சத்து 9 மில்லிகிராம், கேழ்வரகிலோ 344. இரும்புச்சத்துக்குக் கம்பின் முன் அரிசி நிற்காது. அரிசிச் சோறு செல்வத்தின் அடையாளமாகவும் கேழ்வரகுக் களி வறுமையின் அடையாளமாகவும் ஆனது, பச்சரிசிக்குப் புழுங்கல் தாழ்ந்ததாய் ஆனதைப் போன்றதே. சந்தை வெண்மைக்கு விலை வைத்தது. உடல் வேறு கணக்கு வைத்திருந்தது.

கைக்குத்தலுக்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர் தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் வாயிலாக, ஆலை அரிசி சத்தையும் அழிக்கிறது, உலக்கை பிடித்து வாழும் பெண்டிரின் கூலியையும் பறிக்கிறது என்று அவர் ஓயாது சொல்லிவந்தார். அவர் வாதத்தின் இரண்டாம் பகுதிக்கே ஆற்றல் மிகுதி என்பது நம் கருத்து. சத்து இழப்பைப் புழுக்கல் பெருமளவு ஈடுசெய்தது, கூலி இழப்பை எதுவும் ஈடுசெய்யவில்லை. ஆலைகளுக்கு உரிமம் வேண்டும் என்று 1958-இல் இயற்றப்பட்ட அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் கைக்குத்தலுக்கும் ஓரளவு இடங்கொடுக்க எண்ணியது. அச்சட்டம் 1997-இல் நீக்கப்பட்டபோது பாதுகாக்க உலக்கைகளே பெரிதாய் எஞ்சியிருக்கவில்லை.

புழுக்கலோ ஆலைக்குள்ளேயே புகுந்து வாழ்ந்தது. நெல்லை இரண்டு மூன்று நாள் குளிர்நீரில் ஊறவைத்தமையால் எழுந்த புளித்த நாற்றமே அதன் பெருங்குறை. மைசூரில் 1950-இல் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வெந்நீரில் சில மணி நேரமே ஊறவைக்கும் முறையை வகுத்து அதனைப் போக்கிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹூசன்லாப் என்பாரின் காப்புரிமை பெற்ற முறை ஒன்று அமெரிக்காவில் ஆலையாகி, அவித்த அரிசி அந்நாட்டுப் படைவீரர்க்கும் உணவாயிற்று. ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல் என்னும் மூன்றும் அங்கும் உண்டு. அண்டாவுக்கு மாறாக அழுத்தக் கொப்பரை, அவ்வளவே. இன்று உலகச் சந்தைக்குப் புழுங்கலரிசியை மிகுதியாய் அனுப்பும் நாடு இந்தியாவே. 2023 ஆகஸ்டில் அதன்மீது 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டு, 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது.

பெரிபெரி பழங்கதையாகிவிட்டது என்று எண்ணியிருந்தோர்க்கு அண்மைக் காலத்தில் காஷ்மீரத்திலிருந்து செய்தி வந்தது. பன்முறை கழுவிய வெள்ளரிசிச் சோற்றையே பெரிதும் உண்ட தாய்மாரின் கைக்குழந்தைகள் தயமின் குறைவால் உயிருக்குப் போராடியதையும், அச்சத்தை ஊசிவழி ஏற்றியவுடன் சில மணி நேரத்தில் தேறியதையும் அங்குள்ள மருத்துவர்கள் 2010-களில் பதிவு செய்துள்ளனர். பொது வழங்கல் கடைகளில் செறிவூட்டிய அரிசி தரப்படும் என்று நடுவண் அரசு 2021-இல் அறிவித்து, 2024 மார்ச்சுக்குள் அதனை நாடெங்கும் கொண்டுசென்றது. அரிசி மாவில் சத்துகளைச் சேர்த்து அரிசி வடிவிலேயே வார்த்த மணிகளை, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்னும் அளவில் கலப்பது அம்முறை. கட்டாயமாய்ச் சேர்க்கப்படுபவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 ஆகிய மூன்று. தயமின், விரும்பினால் சேர்க்கலாம் என்னும் பட்டியலில் இருக்கிறது.