பிரிவு 504 உள்ளிருப்புப் போராட்டம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மத்திய அரசுக் கட்டடம் ஒன்றினுள் 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ நான்கு வாரம் நடத்திய போராட்டம்.

மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டமும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு. அதன் வாசகம் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தை அடியொற்றியது. இரக்கத்துக்குரியதாகக் கருதப்பட்டது உரிமையானது. ஆனால் நடைமுறை விதிகள் வெளிவராமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடின. விதியில்லாத சட்டம் வெறும் காகிதம்தான்.

விதிகளை வெளியிடக் கோரி ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் போராட்டம் தொடங்கியது. மற்ற இடங்களில் விரைவில் முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நிலைத்தது. கிட்டி கோன், போலியோவால் சக்கர நாற்காலியில் இயங்கிய ஜூடித் ஹியூமன் ஆகியோர் முன்னின்றனர். 100க்கும் மேற்பட்டோர் தரையில் படுத்துறங்கினர். பலருக்கு இரவில் புரண்டு படுக்கவே இன்னொருவர் கை வேண்டும். உதவியாளர்களும் உடன் தங்கினர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதோர் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினர். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சுடச்சுட உணவு கொண்டுவந்தனர். அக்கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் உள்ளே இருந்த போராட்டக்காரர்களுள் ஒருவர். கறுப்பினத்தவரின் உரிமைப் போரோடு இப்போராட்டத்துக்கிருந்த உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். தனியார் துறைக்கும் இப்பாதுகாப்பை விரித்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது.