எழுத்து தெரிந்தவருக்கு ஏது வகுப்பு?

எழுத்தறிவு பற்றிய நமது சொல்லாடல்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் முன்னிறுத்துகின்றன: எழுத்து தெரியாதவர். எழுத்தாலேயே பிழைத்து, அச்சுத்தொழில் மாறியதில் பிழைப்பை இழந்தவர் அவற்றின் கண்ணில் படுவதில்லை.

1992. மாலையில் நான் அறிவொளி இயக்கத் தொண்டன். பகலில் எங்கள் சிறுபத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க ஓர் அச்சகத்தில் கிடப்பேன். அங்கே கம்பாசிட்டர் அண்ணனுக்கு வயது 44. கேஸைப் பார்க்காமலே ஈய எழுத்துக்களைப் பொறுக்கி ஸ்டிக்கில் கோப்பார். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தை, நாம் தாளில் படிக்கிற வேகத்தில் படிப்பார். "தம்பி, இந்த வாக்கியத்துல பயனிலையே காணோமே" என்று எங்களையே திருத்துவார்.

மாற்றம் அவருக்குப் புதிதல்ல. 1935இல் பெரியார் குடிஅரசில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. லை, னை, றா, ணா போன்றவற்றின் பழைய வடிவங்களுக்கான தனி டைப்கள் வேண்டாமல் போயின. "நாலே நாள்ல கை பழகிருச்சு" என்பார். அப்போது கேஸ்தான் மாறியது. அதன் முன்னால் நின்ற ஆள் மாறவில்லை.

டி.டி.பி. வந்தபோது ஆளே மாறினார். டைப்ரைட்டிங் பாஸ் செய்த ஓர் இளைஞர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அண்ணனைப் பைண்டிங்குக்குத் தள்ளினார்கள், கூலியும் குறைந்தது. "எனக்கும் கத்துக் குடுங்கன்னு கேட்டேன் தம்பி. இந்த வயசுலயான்னு சிரிச்சிட்டாங்க."

1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் இலக்கு, 15 முதல் 35 வயதுவரையிலான எழுத்தறியாதோர். அறிவொளியை நான் குறைத்துப் பேசவில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றது சாதாரணமானதல்ல. ஆனால் அண்ணன் வயதாலும் வெளியே, எழுத்து தெரிந்ததாலும் வெளியே. வயது வந்தோர் கல்வி அறியாமைக்கு மருந்தாகவே கட்டமைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் செல்லாக்காசாக்கும் அறிவுக்கு அங்கே இடமில்லை.

நாங்கள் மட்டும் யோக்கியமா? உழைப்பு, அந்நியமாதல் என்று பக்கம் பக்கமாக எழுதிய நாங்கள் அடுத்த இதழையே டி.டி.பி.க்குக் கொடுத்தோம். பளிச்சென்று இருந்தது. கம்ப்யூட்டர்தான் அவர் வேலையைப் பறித்தது என்பது வசதியான பாதி உண்மை. பிழை பார்க்கும் கண், பக்கம் அமைக்கும் கணக்கு எல்லாம் அவரிடமே இருந்தன. கீபோர்டு பழகச் சில மாதங்கள்தான் பாக்கி, அதுவும் கூலியோடு. அந்தச் செலவு யாருடையது என்று முதலாளியும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்று டி.டி.பி. செய்பவர்களின் வேலையை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற, பேச்சைக் கேட்டு எழுதுகிற மென்பொருள்கள் அரிக்கின்றன. 'திறன் மேம்பாடு' என்கிறார்கள். சரி, கற்றுக்கொள்ளும் மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய யார் கூலி கொடுப்பது?