வன்னி வீட்டுச் சுவரின் வெடிப்புகளும் சீமெந்தின் வரலாறும்

வன்னியில் வீட்டுக்கு வர்ணம் பூச உகந்த காலம் ஆடியும் ஆவணியும். கச்சான் காற்று சுவரை ஈரமின்றி உலர்த்திவிடும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து உறவுகள் விடுமுறைக்கு ஊர் வருவதும் அதே காலத்தில்தான். அவர்கள் கொடுக்கும் பணத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான வீடுகள் புதுநிறம் பெறுகின்றன. மார்கழி மாரி முடிந்ததும் அந்த நிறம் யன்னல் ஓரங்களில் செதிலாக உரிந்து தொங்குவதையும் காண்கிறோம். பெயின்ற் தரமில்லை என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. குற்றம் பெரும்பாலும் பெயின்றில் இல்லை, அதன் அடியில் கிடக்கும் பழைய அடைப்பில் இருக்கிறது. மரநிலைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியில் எப்போதோ திணித்த பொருள் இறுகி, சுருங்கி, சுவரை விட்டு விலகியிருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் மேலே நிறத்தைப் பூசினால் மழைநீர் பழைய வழியாகவே உள்ளே வரும்.

இது மேசனிடம் பேசித் தீர்க்கவேண்டிய சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வன்னியில் சுவரின் வெடிப்பை எதைக்கொண்டு அடைப்பது என்பதை ஒரு காலத்தில் வீட்டுக்காரர் தீர்மானிக்கவில்லை; அரசாங்க அதிபரின் அனுமதிப்பத்திரம் தீர்மானித்தது. ஆகவே இந்த வெடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் மண்வீடு. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர், புற்றுமண் பூச்சு, சாணமெழுக்கு, மேலே கிடுகோ வைக்கோலோ. கோடையில் அந்தச் சுவர் வெடிக்கும். வெடிப்பது இயல்பு என்று தெரிந்தே கட்டினார்கள். மாரிக்கு முன் வீட்டுப் பெண்கள் வெடிப்பை நனைத்து, உதிர்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, அதே மண்ணைக் குழைத்து அடைத்து மெழுகினார்கள். சுவரும் அடைப்பும் ஒரே பொருள் என்பதால் இரண்டும் ஒன்றாகச் சுருங்கின, ஒன்றாக விரிந்தன. கரையோரத்தில் சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டெடுத்த சுண்ணாம்பு, கோயிலுக்கும் வசதியுள்ளோர் வீட்டுக்கும் போனது.

அதே கரையோரத்தில் இன்னொரு கைவினையும் இருந்தது. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரையோ பஞ்சையோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைப்பதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். இன்று ரியூப்பில் விற்கும் சிலிக்கனின் மூதாதை இதுதான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓடிய அன்னபூரணி போன்ற மரக்கப்பல்கள் இந்த வித்தையை நம்பித்தான் கடலில் இறங்கின. பழைய அடைப்பைச் சுரண்டி எடுக்காமல் புதியதைத் திணிப்பவரைக் கப்பலில் யாரும் வேலைக்கு வைத்திருக்கமாட்டார்கள்.

சீமெந்து வன்னிக்குள் பரவலாக வந்தது பிற்பாடு. இரணைமடுக் குளத்தை நம்பி 1936-இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1950-இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் வடக்கில் கல்வீடு கட்டும் ஆசை பரவியது. 1990-இல் போர் அந்த ஆலையை மூடியது. அதே ஆண்டில் வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் அடங்கியது. பதுங்குகுழி கட்டப் பயன்படும் என்பது அரசு சொன்ன நியாயம். விளைவாக, வீட்டுச் சுவரில் எறிகணைச் சிதறல் போட்ட துளையை அடைக்க ஒரு கிலோ சீமெந்துகூட இல்லாமல் மக்கள் மீண்டும் புற்றுமண்ணுக்குத் திரும்பினார்கள். சீமெந்துப் பூச்சில் மண் ஒட்டாது. ஒவ்வொரு மாரியிலும் விழுந்தது, ஒவ்வொரு கோடையிலும் மறுபடி அடைத்தார்கள்.

சமாதான காலத்திலும் இது முற்றாக மாறவில்லை. 2002 பெப்ரவரி 22-இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பைப் பலர் வாசித்திருக்கமாட்டார்கள். டீசல், பெற்றோல், இரும்புக் கம்பி ஆகியவற்றோடு சீமெந்தும் அதில் கட்டுப்பாட்டுப் பொருளாகவே நிற்கிறது. அரச கட்டடங்கள், பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கங்கள், அங்கீகரிக்கப்பட்ட வீட்டுத்திட்டங்கள் போன்றவற்றுக்கு அரசாங்க அதிபர் அனுமதிப்பத்திரம் வழங்குவார். மாத அளவையும் அவரே நிர்ணயிப்பார். ஒரு சமாதான ஒப்பந்தத்துக்குள் சீமெந்து மூடைக்குத் தனியே ஒரு விதி! இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தை விளக்கும் ஆவணம் எனக்குத் தெரியாது.

2008, 2009 இடப்பெயர்வுகளில் மக்கள் கூரைத் தகரத்தையும் கதவையும் யன்னல் நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் அவற்றையும் கைவிட நேர்ந்தது. முகாம்களிலிருந்து மீண்டவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும், நிலை இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகளும். கிளிநொச்சி நகரில் இராணுவம் ஒரு வெற்றிச் சின்னம் எழுப்பியது. பெரிய கொங்கிறீற் சுவர், அதைத் துளைத்து நிற்கும் எறிகணை, வெடித்துப் பிளந்த கோடு, மேலே பூத்த தாமரை. சுவரின் வெடிப்பைச் செலவழித்துச் செய்து காட்சிக்கு வைத்தார்கள். சுற்றியிருந்த வீட்டுக்காரர்களோ தம் சுவர்களின் வெடிப்பை அடைக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பின்பு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 2010-இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பகுதி 2012 ஒக்ரோபருக்குப் பின் பயனாளிகளே முன்னின்று கட்டியவை. புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை தவணையாக வங்கிக்கு வந்தது. அடுத்த தவணைக்கு இந்தக் கட்டம் முடியவேண்டும் என்ற அவசரத்தில் காயாத மரத்தில் நிலை செய்து வைத்தவர்கள் பலர். மரம் பின்னர் சுருங்கியது. சுவரை விட்டு விரற்கடை விலகியது. 2016 அளவில் 65,000 உருக்கு வீடுகள் தரப்படும் என்றபோது பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். விலையும் வெப்பமும் ஒருபுறமிருக்க, ஊர் மேசன் திருத்தமுடியாத வீடு வன்னிக்கு ஆகாது என்பதே என் கணிப்பும்.

இன்று அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 2021-இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ மூடை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டபோதும் கடையில் வாங்க முடிந்தது. அப்படியிருந்தும் பழைய பழக்கம் போகவில்லை. கைக்குக் கிடைத்ததைத் திணித்து மூடிவிடுகிறோம். சீமெந்தைக் கூடுதலாகப் போட்டுக் குழைத்த கலவை, பழைய பலவீனமான பூச்சிலிருந்து சுருங்கிப் பிரிகிறது. சிலிக்கன் மீது பெயின்ற் பிடிப்பதில்லை. பழைய சிலிக்கனின் எச்சம் இருந்தால் புதிய சிலிக்கனே ஒட்டாது.

செய்யவேண்டியது இது. ஒடுங்கிய உளியாலும் கத்தியாலும் பழையதை முழுவதும் எடுங்கள். தூசியைத் துலக்கி, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். தலைமயிர் அளவு வெடிப்பை உளியால் சற்று அகலப்படுத்தியே அடைக்கவேண்டும். நிலையோரத்து ஆழமான இடைவெளியில் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் பெயின்ற் ஏற்கும் அக்ரிலிக் அடைப்பை இடுங்கள். அகலத்தின் பாதியளவு தடிப்புப் போதும். வயற்கரைக் களிமண்ணில் கட்டிய வீடானால், வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி ஒரு பருவம் பாருங்கள். கோடு பிரிந்தால் அசைவது அத்திவாரம். அதற்கு ரியூப் உதவாது.

ஊருக்குப் பணம் அனுப்பும் வாசகர்கள் பெயின்றின் நிறத்தைக் கேட்கும்போது யன்னல் ஓரத்தின் படமொன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். வேலை புரட்டாதிக்குள் முடியவேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.