‘கிரைண்ட் டு எ ஹால்ட்’: மெல்ல மெல்ல நிற்பது

போக்குவரத்து நின்றுபோனால் தமிழில் ‘ஸ்தம்பித்தது’ என்று எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு தொடர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

‘கிரைண்ட்’ என்றால் அரைப்பது, உராய்வது. பல்சக்கரங்கள் உராய்ந்து, வேகம் குறைந்து, கடைசியில் இயந்திரம் நின்றுபோவதுதான் ‘கிரைண்ட் டு எ ஹால்ட்’. செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கம் டு எ ஸ்டேண்ட்ஸ்டில்’ என்பதோ அசைவே இல்லாத நிலை. எப்படி நின்றது என்பதை அது சொல்லாது.

ஜொகூர் கடற்பாலம் 2020 மார்ச்சில் இரண்டையும் கண்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 16ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. மறுநாள், சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்கள் நள்ளிரவுக்குள் எல்லையைக் கடந்துவிட விரைந்தார்கள். வாகனங்கள் ஊர்ந்து ஊர்ந்து நின்றன. அது ‘கிரைண்ட்’. 18ஆம் தேதி முதல் சரக்கு லாரிகள் ஓடின. தினமும் போய்வந்த தொழிலாளர் கூட்டம் இல்லை. அது ‘ஸ்டேண்ட்ஸ்டில்’. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் பிரிந்திருந்தன. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

ஆகவே முதல் தொடருக்கு ‘மெல்ல மெல்ல முடங்கியது’ என்பதே நெருக்கமான தமிழ். பேச்சுவார்த்தை, கட்டுமான வேலை ஆகியவற்றுக்கும் அது பொருந்தும். இறந்தகாலத்தில் ‘கிரைண்டட்’ என்று எழுதுவது தவறு. ‘கிரவுண்ட்’ என்பதே சரி. நிலத்தைக் குறிக்கும் சொல்லும் அதே எழுத்துதான் என்பதால் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

தோட்டத்தில் பாம்பைக் கண்டு சட்டென நின்றவருக்கு இந்த இரண்டுமே ஒட்டாது. அவருக்கு ‘ஸ்டாப் டெட்’.