ஆலைச் சங்கு ஓய்ந்த பின்

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் முதலியார்பேட்டையை நெருங்குகையில் பழைய பஞ்சாலை ஒன்றின் மதிலைக் கடந்தே செல்ல வேண்டும். ஏ.எஃப்.டி. என்ற மூன்றெழுத்தால் நம் நகரம் அறிந்திருந்த ஆங்கிலோ பிரெஞ்சு துணியாலை அது. ஒரு காலத்தில் அதன் சங்கொலியே அண்டை வீடுகளுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பர். மீண்டும் ஊதினால் பிள்ளைகள் தந்தையை எதிர்பார்த்து வாசலுக்கு வருவர். 1898இல் தொடங்கிய அந்த ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் நாளோடு முறைப்படி மூடப்பட்டது. இன்று அம்மதிலைக் கடக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: ஓர் ஆலை மூடப்படும்போது மூடப்படுவது எந்திரங்கள் மட்டும்தானா?

புதுவையின் துணிக்கு நெடிய வரலாறு உண்டு. அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கரையை அடைந்தது. அங்கே அது கருவேலம் பிசினுக்கு மாற்றாக, ஏறத்தாழ நாணயம் போலவே புழங்கியது. நெய்தவர் நம்மவர், எதை நெய்வது, எங்கே விற்பது என்று முடிவு செய்தவர் பிறர். 1826 முதல் 1828 வரை ஆளுநராயிருந்த தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில் இங்கு எந்திர நூற்பு கால்கொண்டது. பின்னர் சுதேசி எனப் பெயர்பெற்ற சவானா ஆலையின் தொடக்கம் அக்காலத்ததே. அதன்பின் கெப்ளே ஆலையும் ரோடியர் ஆலையும் எழுந்தன. இவற்றுள் முன்னது பாரதி ஆலையாயிற்று, பின்னதே ஏ.எஃப்.டி.

இந்த ஆலைகளில் உழைத்தோரின் நிலை என்ன? வைகறையில் உள்ளே சென்றவர் இருட்டிய பின்னரே வெளியே வந்தனர். பெண்களும் சிறுவர்களும் இதற்கு விலக்கல்லர். கூலியோ அணாக் கணக்கில். தொழிலாளரின் ஓய்வு நேரம் அவர்தம் வலிமைக்கும் வேலையின் தன்மைக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891லேயே தம் சுற்றுமடலில் எழுதியிருந்தார். ஆனால் அந்தச் சொல் ஆலை வாயிலைக் கடந்து உள்ளே செல்ல நெடுங்காலமாயிற்று.

1930களில் வ. சுப்பையா தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1934இல் 'சுதந்திரம்' என்ற இதழையும் தொடங்கினார். வேலை நேரக் குறைப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1936 சூலை 30ஆம் நாள் போராடிய தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் மாண்டனர். அதே ஆண்டு சூன் திங்களில்தான் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு தன் நாட்டுத் தொழிலாளர்க்கு வாரம் நாற்பது மணி நேர வேலையையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் வழங்கியிருந்தது. ஒரே கொடியின் கீழ் அங்கே விடுமுறை, இங்கே குண்டு! இந்த முரண்பாட்டைப் பாரிசும் கண்மூடிக் கடக்க இயலவில்லை. 1937 ஏப்ரல் 6ஆம் நாள் வெளியான ஆணை பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைநாளையும் சங்க உரிமையையும் தந்தது. ஆசியாவிலேயே இதுவே முதல் என்று புதுவையில் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமை ஒருபுறமிருக்க, எல்லைக்கு அப்பால் பிரித்தானிய இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்திற்கு ஐம்பத்து நான்கு மணி நேர வேலையை அனுமதித்தது. வாரம் நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பு அங்கே வந்தது 1946இல்தான்.

நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குன்றும் என்று அஞ்சியவர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. வேலை நேரம் குறைந்த இடங்களில் மொத்த உற்பத்தி பெரும்பாலும் குறையவில்லை; சில இடங்களில் கூடவும் செய்தது. களைத்த கை இழையை அறுக்கும். ஓய்ந்தெழுந்த கை முடிச்சிடும். இதைப் பஞ்சாலையில் நின்றவர் அறிவர். ஆயினும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பெழவே, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. வரலாறு பாடம் சொன்னாலும் நாம் அதை மீண்டும் மீண்டும் மறந்துவிடுகிறோம்.

உற்பத்தித் திறனின் மறுபாதி பயிற்சி. விடுதலை பெற்ற இந்தியா இதை உணராமல் இல்லை. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1958இல் தேசிய உற்பத்தித் திறன் குழுவும், 1961இல் பழகுநர் சட்டமும் வந்தன. 2015 முதல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் குறுகிய காலப் பயிற்சிகளை நாடெங்கும் பரப்பியது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் ஆலைத் தொழில் பெரும்பாலும் வகுப்பறையில் கற்ற தொழிலன்று. மூத்தவர் அருகே நின்று, கண்ணாலும் செவியாலும் கற்றது. தறியின் ஓசை மாறியதைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. எனவே அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1986இல் ஏ.எஃப்.டி. புதுவை அரசின் கைக்கு வந்தது. வேலையைக் காக்கும் நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஆயினும் எந்திரங்கள் மூப்படைந்தன. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல் ஆலையைச் சிதைத்தது. அதன்பின் அது பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. வேலையைக் காக்க முயன்றோம். வேலைத்திறனைக் காக்கவும் புதுக்கவும் அதே அளவு முயன்றோமா? ஆலையின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில் நிலமும் கடனும் இழப்பீடும் இடம்பெறும் அளவுக்கு அந்தக் கைகளின் அறிவு இடம்பெற்றதாக நமக்குத் தோன்றவில்லை.

இதே நகரில் இன்னொரு காட்சியும் உண்டு. 1827இல் இங்கு வந்த குளூனி சபை அருட்சகோதரியர் நடத்தும் பூவேலைக் கூடத்தில் பெண்கள் இன்றும் ஊசியும் நூலுமாய் அமர்ந்திருக்கின்றனர். சிறிய கூடம்தான், ஆயிரக்கணக்கானோர்க்கு அது வேலை தந்துவிட முடியாது. ஆயினும் அங்கே கற்பதும் உழைப்பதும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன; தெரிந்தவள் தெரியாதவளுக்குக் கற்பிக்கிறாள். நாட்டின் பெரிய திட்டங்களுக்கு இந்தச் சிறிய கூடம் சொல்வது ஒன்றுண்டு: வேலையிலிருந்து பிரித்த பயிற்சி வெறும் தாளாய் முடியும், பயிற்சியைப் புதுக்காத வேலை ஒரு நாள் மூடுவிழாவில் முடியும்.

ஆண்டுதோறும் சூலை 30ஆம் நாள் புதுவையில் அந்தப் பன்னிருவரின் நினைவிடத்தில் மலர் வைக்கிறார்கள். அவர்கள் கேட்டது வேலை வேண்டாம் என்பதன்று. மனிதராய் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதே. எட்டு மணி நேரத்தை அவர்கள் உயிர் கொடுத்து வாங்கித் தந்தார்கள். அந்த எட்டு மணி நேரத்தில் நம் பிள்ளைகளின் கைகள் என்ன கற்கப் போகின்றன என்பதே அவர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற கேள்வி.